மொட்டை மாடி டேங்கை வைஃபையில் சேர்த்தது

மேல் டேங்கில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதை மாடி ஏறாமல் போனில் பார்க்க வேண்டும். வேலை இவ்வளவுதான். எங்கள் வீட்டில் மாநகராட்சித் தண்ணீர் கீழே சம்ப்பில் விழும்; மோட்டார் போட்டு மேலே ஏற்ற வேண்டும். டேங்க் நிரம்பிவிட்டது என்பதற்கு அடையாளம் ஓவர்ஃப்ளோ குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தம். நமக்குக் கேட்பதற்குள் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக் கேட்டிருக்கும். காலியாகிவிட்டது என்பதற்கு அடையாளம், யாராவது சோப்புப் போட்ட முகத்தோடு குளியலறையிலிருந்து கூப்பிடுவது.

கடையில் இதற்கென்றே அலாரம் விற்கிறார்கள். நிரம்பினால் கத்தும், அவ்வளவுதான். எனக்கு லிட்டர் கணக்கு வேண்டும். அதோடு, வீட்டு நெட்வொர்க்கில் தானே ஒரு சாதனத்தைச் செய்து சேர்த்துப் பார்க்க நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் இருக்காது. ஒரே சென்சார், ஒரே எண், 230 வோல்ட்டில் கை வைக்கத் தேவையில்லை. ஆனால் வைஃபை, ஐபி முகவரி, பாஸ்வேர்டு, கரண்ட் போய் வருவது என்று பின்னால் வரப்போகும் எல்லாத் தலைவலியும் சிறிய அளவில் இதிலேயே இருக்கிறது.

முதலில் சாமான்கள். இஎஸ்பி 8266 சிப் உள்ள நோட்எம்சியு போர்டு ஒன்று. ஷாங்காயைச் சேர்ந்த எஸ்பிரெசிஃப் நிறுவனத்தின் இந்தச் சிப் 2014-ல் வந்ததிலிருந்துதான் சில நூறு ரூபாய்க்குள் ஒரு பொருளை வைஃபையில் சேர்ப்பது சாத்தியமானது. அடுத்து, ஒலியை அனுப்பித் தூரத்தை அளக்கும் ஜேஎஸ்என் எஸ்ஆர்04டி என்ற அல்ட்ராசோனிக் சென்சார். தலைப் பகுதி தண்ணீர் புகாதது. இரண்டரை மீட்டர் ஒயரோடு ஒரு சின்ன சர்க்யூட் போர்டில் போய்ச் சேரும். ஈரம் நிறைந்த டேங்குக்குள் இரண்டு கண் வைத்த சாதாரண அல்ட்ராசோனிக் சென்சாரை வைக்காதீர்கள், சீக்கிரமே துருப்பிடித்துவிடும். இவை தவிர ஒரு 1 கிலோ ஓம், ஒரு 2 கிலோ ஓம் ரெசிஸ்டர், ஜம்பர் ஒயர், பழைய போன் சார்ஜர், பிவிசி ஜங்ஷன் பாக்ஸ். சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெருவில் ஒரே நடையில் எல்லாம் கிடைக்கும். மற்றவர்கள் ஆன்லைனில் வாங்கலாம்.

யுஎஸ்பி கேபிளுக்கு ஒரு தனி வரி எழுத வேண்டும். வீட்டில் கிடக்கும் கேபிள்களில் பாதி சார்ஜ் மட்டும் ஏற்றும். உள்ளே டேட்டா ஒயர் இருக்காது. போர்டில் விளக்கு எரியும், கம்ப்யூட்டருக்கு மட்டும் அது தெரியவே தெரியாது. போர்டு பழுது என்று முடிவு கட்டித் திருப்பி அனுப்புவதற்கு முன்னால் கேபிளை மாற்றிப் பாருங்கள். கேபிள் சரியாக இருந்தும் தெரியவில்லை என்றால், போர்டில் உள்ள யுஎஸ்பி சிப்புக்கான டிரைவர் வேண்டியிருக்கும். மலிவான போர்டுகளில் பெரும்பாலும் சிஹெச்340 இருக்கும், சிலவற்றில் சிபி2102.

போர்டுக்குள் ஏற்ற இஎஸ்பிஹோம் என்ற இலவச மென்பொருளை எடுத்துக்கொண்டேன். புரோகிராம் எழுத வேண்டாம். வைஃபை பெயர் இது, பாஸ்வேர்டு இது, போர்டில் ஒயர் மாட்டும் கால்களில் இந்தக் காலில் சென்சார் இருக்கிறது, இத்தனை நொடிக்கு ஒருமுறை அள என்று ஒரு கோப்பில் பட்டியல் போல எழுதிக் கொடுத்தால் மீதியை அது பார்த்துக்கொள்ளும். வரிகளுக்கு முன்னால் விடும் இடைவெளி மட்டும் சரியாக இருக்க வேண்டும், ஓர் இடம் தள்ளிப் போனாலும் கோபித்துக்கொள்ளும். முதல் முறை யுஎஸ்பி வழியாக ஏற்றிவிட்டால், அடுத்தடுத்த மாற்றங்களை வைஃபை வழியாகவே அனுப்பலாம். போர்டு மாடியில் உட்கார்ந்த பிறகு இதன் அருமை தெரியும்.

இப்போது நான் பிடிவாதமாகச் சொல்வது: சென்சாரைத் தொடாதீர்கள். வெறும் போர்டை மேஜையில், ரவுட்டருக்குப் பக்கத்தில் வைத்து, அதை நெட்வொர்க்கில் நிலையாக நிற்க வையுங்கள். ஓர் இரவு முழுக்க ஓடட்டும். அதன் பிறகு சென்சார். அதன் பிறகு மாடி. எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கட்டி மேலே வைத்துவிட்டு, 'வேலை செய்யவில்லை' என்று கீழே வந்து உட்கார்ந்தால், கோளாறு சென்சாரிலா, வைஃபையிலா, கரண்டிலா என்று கண்டுபிடிக்க வெயிலில் ஏணி ஏற வேண்டியிருக்கும்.

வைஃபையில் முதலில் பார்க்க வேண்டியது அலைவரிசை. இஎஸ்பி 8266-க்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். இப்போதைய ஃபைபர் ரவுட்டர்கள் 2.4, 5 என இரண்டையும் தருகின்றன. இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால் கவலை இல்லை, போர்டு தனக்குத் தெரிந்ததைப் பிடித்துக்கொள்ளும். தனித்தனிப் பெயர் இருந்து, '5ஜி' என்று முடியும் பெயரைக் கோப்பில் எழுதினால் அது காலம் முழுக்கத் தேடிக்கொண்டே இருக்கும். (மொபைல் 5ஜிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. யாரோ அப்படிப் பெயர் வைத்துத் தொலைத்துவிட்டார்கள்.) பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்று ரவுட்டரில் இருந்தாலும் சிக்கல் வரும், டபிள்யூபிஏ2 அல்லது இரண்டும் கலந்தது என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

இணைந்ததும் போர்டு தன் ஐபி முகவரியைச் சொல்லும். எனக்கு 192.168.1.37 என்று வந்தது. போன் பிரவுசரில் இந்த எண்ணைத் தட்டினால் போர்டே ஒரு சின்னப் பக்கத்தைக் காட்டும். இந்த எண் ரவுட்டர் தருவது. லாட்ஜில் ரூம் கொடுப்பது மாதிரிதான், வெளியே போய்விட்டு வந்தால் அதே ரூம் கிடைக்கும் என்று உத்தரவாதம் இல்லை. எங்கள் தெருவில் கரண்ட் போகும் லட்சணத்துக்கு இது நடந்தே தீரும். எனவே ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் போய், இந்தப் போர்டின் மேக் முகவரிக்கு எப்போதும் 192.168.1.50 தான் என்று பதிவு செய்தேன். மேக் முகவரி என்பது சாதனத்திலேயே பொறிக்கப்பட்டு வரும் அடையாளம், ஆறு ஜோடியாக எழுதியிருக்கும். ரவுட்டருக்கு ரவுட்டர் இந்த வசதி வேறு வேறு இடத்தில் ஒளிந்திருக்கும். பெரும்பாலும் 'லேன்' அல்லது 'டிஹெச்சிபி' என்ற தலைப்பின் கீழ். ரவுட்டரின் முகவரியும் பாஸ்வேர்டும் அதன் முதுகில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். உள்ளே போன கையோடு அந்தப் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள்.

மேஜையில் இரவு முழுக்க ஓடவிட்டதில் ஒன்று சிக்கியது. போர்டு எவ்வளவு நேரமாக விழித்திருக்கிறது என்பதையும் அந்தப் பக்கத்தில் காட்டச் சொல்லியிருந்தேன். காலையில் பார்த்தால் பல மணி நேரம் என்று இருக்க வேண்டும்; 412 நொடி என்று இருந்தது. சார்ஜரை மாற்றினேன், கேபிளை மாற்றினேன், ரவுட்டருக்கு இன்னும் நெருக்கமாக வைத்தேன். எண் 900-ஐ நெருங்கும், திரும்பப் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். 900 நொடி என்றால் சரியாகப் பதினைந்து நிமிடம். கரண்ட் கோளாறு இப்படிக் கடிகாரம் பார்த்து வராது. யாரோ எங்கேயோ எழுதி வைத்த கெடு இது.

அப்படித்தான் இருந்தது. இஎஸ்பிஹோம் கோப்பில் தானாகவே 'ஏபிஐ' என்று ஒரு வரி வந்துவிடும். ஹோம் அசிஸ்டென்ட் என்ற வீட்டுக் கட்டுப்பாட்டு மென்பொருளோடு பேசுவதற்கான வாசல் அது. அந்த வாசலுக்குப் பதினைந்து நிமிடம் யாருமே வராவிட்டால், ஏதோ கோளாறு என்று எண்ணிப் போர்டு தன்னைத்தானே அணைத்து எழுப்பிக்கொள்ளும். ஹோம் அசிஸ்டென்ட் வைத்திருப்பவர்களுக்கு இது நல்ல ஏற்பாடு. எங்கள் வீட்டில் அது இல்லை. பிரவுசரில் மட்டும் பார்க்கிறவனுக்கு அந்த வரி தேவையில்லை. எடுத்துவிட்டேன். மறுநாள் எண் ஐந்து இலக்கத்துக்குப் போய்விட்டது.

சென்சாருக்கு வருவோம். இதை 5 வோல்ட்டில் ஓட்டினால் இது திருப்பி அனுப்பும் சைகையும் 5 வோல்ட்தான். இஎஸ்பி 8266-ன் கால்களுக்கு 3.3 வோல்ட்தான் கணக்கு. அதற்குத்தான் அந்த இரண்டு ரெசிஸ்டர். அந்தச் சைகையைக் கொண்டுவரும் எக்கோ ஒயர் முதலில் 1 கிலோ ஓம் வழியாக வரட்டும். அது முடியும் இடத்திலிருந்து 2 கிலோ ஓம் போர்டின் கிரவுண்டுக்கு (ஜிஎன்டி என்று குறித்த காலுக்கு) போகட்டும். இரண்டும் சேரும் புள்ளியிலிருந்து போர்டுக்கு எடுங்கள். மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 3.3 வோல்ட், கிடைக்கும். இதில்லாமலும் ஓடுகிறதே என்பவர்கள் இருக்கிறார்கள். ஓடும், எத்தனை நாளைக்கு என்பதுதான் கேள்வி. அளக்கச் சொல்லிச் சென்சாருக்குச் சைகை கொடுக்கும் டிரிகரை டி1-லும் எக்கோவை டி2-லும் கொடுத்தேன். டி3, டி4, டி8 ஆகிய கால்களைத் தவிர்ப்பது நல்லது. போர்டு எழும்பும்போது இந்தக் கால்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்று பார்த்துத்தான் எப்படி எழுவது என்று முடிவு செய்யும். அங்கே வேறு எதையாவது மாட்டிவைத்தால் சில சமயம் எழாமலே கிடக்கும்.

சென்சாரின் தலை டேங்க் மூடியின் நடுவில், முகம் கீழே பார்த்து இருக்கும். ஒலியை அனுப்பி, தண்ணீரில் பட்டுத் திரும்பும் நேரத்தை அளக்கும். ஒரு சென்டிமீட்டருக்குப் போய் வர 58 மைக்ரோ நொடி. இந்த வகைக்கு ஒரு குருட்டுப் பகுதி உண்டு. முகத்திலிருந்து சுமார் 20, 25 சென்டிமீட்டருக்குள் எது இருந்தாலும் தெரியாது, வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லும். ஆகவே துளை போடுவதற்கு முன்பு மூடியிலிருந்து ஓவர்ஃப்ளோ குழாயின் வாய் வரை அளந்துகொள்ளுங்கள். எங்கள் டேங்கில் 27. தப்பித்தோம். உங்களுடையது 15 என்றால் இந்தச் சென்சாரால் நிரம்பியதை மட்டும் சரியாகச் சொல்ல முடியாது. அதற்கு மேலே ஒரு சின்ன ஃப்ளோட் சுவிட்ச் தனியாக மாட்டலாம். தண்ணீர் விழும் குழாய் நடுவில் வந்தால் சென்சாரைச் சற்று எதிர்ப்பக்கம் தள்ளுங்கள், ஆனால் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். இதன் பார்வை அகலமானது, சுவரையே தண்ணீர் என்று எடுத்துக்கொள்ளும்.

லிட்டர் கணக்குக்கு டேங்கின் விட்டத்தை அளக்க முயல வேண்டாம், வெளியே டேப்பைச் சுற்றினால் போதும். எங்களுடைய 1000 லிட்டர் டேங்கின் சுற்றளவு 345 சென்டிமீட்டர். 3.14-ஆல் வகுத்தால் விட்டம் 110. அதிலிருந்து பரப்பு ஏறக்குறைய 9,500 சதுர சென்டிமீட்டர். ஆக ஒரு சென்டிமீட்டர் உயரம் என்றால் ஒன்பதரை லிட்டர். மூடியிலிருந்து அடி வரை 132; அதில் சென்சார் சொல்லும் தூரத்தைக் கழித்து ஒன்பதரையால் பெருக்கு என்று கோப்பில் எழுதிவிட்டேன். டேங்கில் வளையம் வளையமாக வரிகள் இருப்பதால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். குளிக்கப் போகிறவருக்கு இந்தத் துல்லியம் போதும்.

மேலே கொண்டுபோகும்போதுதான் கரண்ட் எங்கிருந்து என்ற கேள்வி வந்தது. வீட்டில் மிஞ்சிக் கிடந்த லேன் கேபிளில் கீழிருந்து 5 வோல்ட்டை அனுப்பலாம் என்று நினைத்திருந்தேன். கணக்குப் போட்டால் ஒத்து வரவில்லை. அந்த ஒயர் ஒரு மீட்டருக்கு 0.084 ஓம், 15 மீட்டர் போய் 15 மீட்டர் திரும்பினால் இரண்டரை ஓம். வைஃபை அனுப்பும் நொடியில் போர்டு 0.3 ஆம்பியர் வரை இழுக்கும். முக்கால் வோல்ட் வழியிலேயே காணாமல் போய், மேலே நாலேகால் வோல்ட்தான் போய்ச் சேரும். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய மலிவு கேபிள் என்றால் இன்னும் மோசம். கீழிருந்து 12 வோல்ட் அனுப்பி மேலே 5 ஆகக் குறைக்கலாம். அதற்கு இன்னொரு சின்ன போர்டு வேண்டும்.

வேறு வேலைக்கு வந்த எலக்ட்ரீசியன் அண்ணன் நான் பாக்ஸோடு மாடியில் நிற்பதைப் பார்த்துவிட்டு, "தம்பி, மழை பெய்யுற இடத்துல எதுக்கு இதை வைக்கிறீங்க? படிக்கட்டு ரூம்லதான் லைட் பாயிண்ட் இருக்கே, அதுல ஒரு பிளக் இறக்கித் தர்றேன்" என்றார்.

"சென்சார் ஒயர் அதுவரைக்கும் வருமாண்ணே?"

"அளந்து பாருங்க. டேங்க் அந்த ரூம் தலைக்கு மேலதானே நிக்குது."

எட்டியது. மூடியிலிருந்து இறங்கி, வென்டிலேட்டர் வழியாக உள்ளே வந்து, இழுத்துப் பிடித்தாற்போல் பாக்ஸைத் தொட்டது. வைஃபை சிக்கலும் இதிலேயே பாதி தீர்ந்தது. திறந்த மாடியில் கான்கிரீட் தளத்தைத் தாண்டி வரும் சிக்னல் மைனஸ் 84 என்று காட்டியது. இந்த அளவில் இணைப்பு வரும், போகும். படிக்கட்டு ரூமில் மைனஸ் 67. கீழே ஹாலில் இருக்கும் ரவுட்டரிலிருந்து சிக்னல் படி வழியாகவே ஏறி வந்துவிடுகிறது. இந்த எண் பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது; மைனஸ் 70-க்கு உள்ளே இருந்தால் நிம்மதி. பாக்ஸ் பிளாஸ்டிக்கில்தான் இருக்க வேண்டும். இரும்புப் பெட்டிக்குள் போர்டை வைத்து மூடினால் வைஃபையையும் சேர்த்து மூடியதாகிவிடும்.

மாட்டிய பிறகு இரண்டு வேடிக்கைகள். முதலாவது, கரண்ட் போய் வந்தால் போர்டு சில நொடியில் எழுந்துவிடுகிறது, ரவுட்டர் முழுசாக எழ நிமிடக்கணக்கில் ஆகிறது. தேடிப் பார்த்துக் கிடைக்காமல் போர்டு தானே ஒரு வைஃபையை ஒளிபரப்பத் தொடங்கும். பாஸ்வேர்டு மாறிப்போன நாளில் அதில் நுழைந்து, 192.168.4.1 என்ற பக்கத்தில் புதியதைக் கொடுப்பதற்கான வழி அது. ரவுட்டர் வந்ததும் தானாக மறைந்துவிடும்.

"டேய், போன்ல 'டேங்க்'னு ஒரு வைஃபை காட்டுதே, யாரோடது?"

"நம்மளோடதுதாம்மா. ரவுட்டர் இன்னும் எந்திரிக்கல, தேடிட்டு இருக்கு."

அந்த அவசர வைஃபைக்கும் பாஸ்வேர்டு வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் தெருவில் போகிறவர் உங்கள் போர்டுக்குள் போகலாம்.

இரண்டாவது, மதியத்தில் மோட்டார் போடாமலே டேங்கில் இருபது லிட்டர் ஏறியது. ஒலியின் வேகம் 20 டிகிரியில் நொடிக்கு 343 மீட்டர், 40 டிகிரியில் சுமார் 355. வெயிலில் டேங்குக்குள் காற்று கொதிக்கும்போது எதிரொலி சீக்கிரம் திரும்பிவிடுகிறது. தண்ணீர் பக்கத்தில் இருக்கிறது என்று சென்சார் நம்பிவிடுகிறது. 60 சென்டிமீட்டர் தூரத்தில் இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம், அதாவது 19 லிட்டர். வெப்பநிலை சென்சார் ஒன்று சேர்த்துத் திருத்தலாம். நான் சேர்க்கவில்லை, சாயங்காலம் அது தானே வடிந்துவிடுகிறது. விடியற்காலையில் சென்சார் முகத்தில் நீர்த்துளி படிந்து எண் எகிறுவது மட்டும் எரிச்சலாக இருந்தது. கடைசி ஏழு அளவுகளை வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை மட்டும் காட்டு என்று கோப்பில் ஒரு வரி சேர்த்ததும் அதுவும் அடங்கியது.

'ஆபீஸிலிருந்தும் பார்க்கலாமா?' என்று கேட்பவர்கள் உண்டு. பார்க்கலாம். ஆனால் ரவுட்டரில் 'போர்ட் ஃபார்வர்டிங்' போட்டு இந்தப் பக்கத்தை உலகத்துக்குத் திறந்துவிடும் வழியை மட்டும் எடுக்காதீர்கள். 2016-ல் மிராய் என்ற தீநிரல், வாங்கியபோது இருந்த பாஸ்வேர்டையே மாற்றாமல் இணையத்தில் திறந்து கிடந்த கேமராக்களையும் டிவிஆர்களையும் வரிசையாகப் பிடித்தது. அந்த அக்டோபரில், இணையதளப் பெயர்களுக்கு ஐபி முகவரி சொல்லும் டின் என்ற நிறுவனத்தின் மீது அவை ஒன்றாகப் பாய்ந்ததில், அமெரிக்காவில் டிவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் பலருக்கு மணிக்கணக்கில் திறக்கவில்லை. நம் ஊரில் பல இணைப்புகளில் போர்ட் ஃபார்வர்டிங் எப்படியும் ஓடாது. ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரியைத்தான் நிறுவனம் கொடுத்திருக்கிறது என்று அர்த்தம். வெளியிலிருந்து பார்த்தே ஆக வேண்டும் என்றால் வீட்டு நெட்வொர்க்குக்குள் பூட்டிய வழியாக நுழைய விடும் விபிஎன் அமைப்பதுதான் முறை, அது தனி வேலை. எனக்கு ஆபீஸில் உட்கார்ந்து டேங்கைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

மோட்டாரையும் இதோடு சேர்த்துத் தானாக ஓடவிடலாமே என்பது அடுத்த கேள்வி. போர்டு சொன்னபடி மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் சுவிட்சான ரிலே, கடையில் சின்ன நீல நிறத்தில் கிடைக்கும்; அதில் 10 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கும், நம்பிவிடாதீர்கள். 1 ஹெச்பி மோட்டார் ஓடும்போது ஐந்தாறு ஆம்பியர்தான் எடுக்கும், ஆனால் கிளம்பும் நொடியில் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டால் மோட்டார் நிற்கவே நிற்காது. அதற்குக் கான்டாக்டர் என்ற கனமான ரிலே வேண்டும், மாட்டுவது எலக்ட்ரீசியன் வேலை. அதற்கும் முன்னால் சம்ப்பில் தண்ணீர் இருக்கிறதா என்று தெரிய வேண்டும், இல்லாவிட்டால் மோட்டார் வெறுமனே ஓடிச் சூடேறும். எனவே இரண்டாவது போர்டு சம்ப்புக்கு. அதன் மூடி இரும்பு, உள்ளே வைஃபை போகாது. போர்டைப் பக்கத்துச் சுவரில் வைத்து, சென்சார் ஒயரை மட்டும் மூடி ஓரமாக உள்ளே இறக்க வேண்டும். இரண்டரை மீட்டர் ஒயர் அங்கே தாராளம். 192.168.1.51-ஐ இப்போதே ரவுட்டரில் அதற்கு ஒதுக்கி வைத்துவிட்டேன்.